வெள்ளைப் பீங்கானில் கருணைத் தாய்: பொதிகையிலிருந்து பினாங்குவரை ஒரு தெய்வத்தின் பயணம்

பினாங்கு, ஜோர்ஜ்டவுனில் பழைய சீனக் குடும்பம் ஒன்றின் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது சாமி மேடை. சிவப்பு விளக்கு, ஊதுவத்திக் கிண்ணம், ஆரஞ்சுப் பழங்கள். நடுவில் ஒரு சாண் அல்லது ஒரு முழ உயரத்தில், பால் போன்ற வெள்ளை நிறத்தில், கண்களைப் பாதி மூடியபடி ஒரு பெண் தெய்வம் அமர்ந்திருக்கும். ஹொக்கியன் மொழி பேசுவோர் ‘குவான் இம்’ என்பார்கள்; மாண்டரின் மொழியில் ‘குவான்யின்’. தமிழர்கள் பலர் ‘சீன அம்மன்’ என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

இந்தச் சிலைகள் ஏன் வெள்ளையாக இருக்கின்றன? எங்கிருந்து வந்தன? எது பழமையானது, எது போன மாதம் சூளையிலிருந்து இறங்கியது? இவற்றுக்கும் தமிழ் மண்ணுக்கும் தொடர்பு உண்டா? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்தால், பக்கத்து வீட்டுச் சாமி மேடையைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

பிட் ஸ்திரீட்டின் அன்னை

பினாங்கில் குவான் இம் வழிபாட்டின் தாய்வீடு, பழைய பிட் ஸ்திரீட்டில், அதாவது இன்றைய ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெளிங்கில் உள்ள ‘கொங் ஹொக் கியோங்’ ஆலயம். 1800-ஆம் ஆண்டில் எழுந்தது. பெயரிலேயே அதன் வரலாறு இருக்கிறது. ‘கொங்’ என்பது குவாங்டோங் மாநிலத்தாரையும் ‘ஹொக்’ என்பது பூஜியன் மாநிலத்தாரையும் குறிக்கும். வெவ்வேறு பேச்சுமொழி பேசிய இரு சாராரும் சேர்ந்து எழுப்பிய கோயில் இது. தொடக்கத்தில் கடலோடிகளின் காவல் தெய்வமான மாசுவுக்கே இங்கு முதலிடம் இருந்தது. பிறகு கருணைத் தெய்வமான குவான் இம் முதன்மை பெற்றார்.

அதே வட்டாரத்தில் சில நிமிட நடையில் 1801-ல் தொடங்கிய கப்பித்தான் கெளிங் பள்ளிவாசலும், 1818-ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும், 1833-ல் எழுந்த குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் ஆலயமும் உள்ளன. ஜோர்ஜ்டவுன் 2008-ல் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றதற்கு இந்த அக்கம்பக்க வாழ்வும் ஒரு காரணம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகனுக்குச் சீனர்கள் தேங்காய் உடைப்பதும், தமிழர்கள் குவான் இம் ஆலயத்தில் ஊதுவத்தி ஏற்றுவதும் இந்த ஊரில் செய்தியே அல்ல.

கோயிலில் இருப்பது பொதுச்சாமி. வீட்டில் இருப்பது வீட்டுச்சாமி. கப்பலேறிப் பிழைக்க வந்தவர்கள் கையோடு கொண்டு வரவும், பின்னர் வணிகர்களிடம் வாங்கி வைக்கவும் ஏற்ற வடிவம் ஒன்று தேவைப்பட்டது. சிறியதாக இருக்க வேண்டும். புகை பட்டாலும் ஈரம் பட்டாலும் கெடக்கூடாது. பூச்சி அரிக்கக் கூடாது. மரத்துக்குக் கறையான் பயம். வெண்கலத்துக்கு விலை அதிகம். பீங்கான் இந்தக் குறைகள் இல்லாதது. அதிலும் பூஜியன் மாநிலத்திலேயே உலகின் மிகச் சிறந்த வெள்ளைப் பீங்கான் செய்யும் ஊர் ஒன்று இருந்தது. அதன் பெயர் தேஹுவா.

மண்ணின் மகிமை

தேஹுவா, சுவான்சோ துறைமுகத்துக்குப் பின்னாலுள்ள மலைப்பகுதி ஊர். சோங் அரச மரபுக் காலத்திலேயே, அதாவது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, இங்கிருந்து பீங்கான் கப்பலேறியது. 13-ஆம் நூற்றாண்டில் வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ, சுவான்சோ அருகே அழகிய பீங்கான் கிண்ணங்கள் செய்யும் ஊர் ஒன்றைக் குறிப்பிடுகிறார். அது தேஹுவாதான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. தெய்வ உருவங்களுக்கு இந்த ஊர் பேர்பெற்றது மிங் மரபின் பிற்பகுதியிலும் (16, 17-ஆம் நூற்றாண்டுகள்) அடுத்து வந்த சிங் மரபின் காலத்திலும்தான்.

மற்ற ஊர்ப் பீங்கானைவிட இது ஏன் வெள்ளை? காரணம் மண்ணிலேயே இருக்கிறது. செங்கல் ஏன் சிவக்கிறது? களிமண்ணில் இரும்புச் சத்து இருப்பதால். இரும்பு கூடக் கூட நிறம் ஏறும். தேஹுவா மண்ணில் இரும்பு மிகமிகக் குறைவு. அதே நேரத்தில் பொட்டாசியம் அதிகம். இந்தப் பொட்டாசியம் சூளையின் வெப்பத்தில் மண்ணை உருக்கி, கண்ணாடித் தன்மை கொடுக்கிறது. அதனால்தான் நல்ல தேஹுவாச் சிலையின் மெல்லிய பகுதியை வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி உள்ளே ஊடுருவி மறுபக்கம் கசியும். மேலே பூசும் கண்ணாடிப் பூச்சும் உள்ளே இருக்கும் உடலும் ஒன்றோடொன்று கலந்து, எது மண், எது மெருகு என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இருக்கும்.

வெள்ளையிலும் பல வெள்ளை உண்டு. சூளை 1,300 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது காற்றைத் தாராளமாக உள்ளே விட்டால், மண்ணில் இருக்கும் அந்தச் சிறிதளவு இரும்பு, தந்தம் போன்ற இளமஞ்சள் சாயலைத் தரும். காற்றைக் குறைத்துப் புகையோடு எரித்தால் அதே இரும்பு இளநீலச் சாயலைத் தரும். மிங் காலச் சிலைகளில் தந்த நிறமும், சிங் காலச் சிலைகளில் குளிர்ந்த நீலவெள்ளையும் மிகுதி. சீனர்கள் இந்தத் தந்த நிறத்துக்குப் ‘பன்றிக் கொழுப்பு வெள்ளை’ என்று சமையலறையிலிருந்தே ஒரு பெயர் எடுத்துக்கொண்டார்கள். ஐரோப்பியரிடையே இது ‘பிளாங் த ஷீன்’, அதாவது ‘சீன வெள்ளை’ என்ற பிரெஞ்சுப் பெயரால் புகழ்பெற்றது.

விரல் நுனிவரை உயிர்

ஒரு சிலை எப்படி உருவாகிறது? பெரும்பாலானவை அச்சில் எடுத்தவை. முன்பக்கம் ஓர் அச்சு, பின்பக்கம் ஓர் அச்சு. உள்ளே ஈரமண்ணை விரலால் அழுத்தி ஒட்டுவார்கள். இரண்டு பாதியையும் மண்குழம்பால் இணைப்பார்கள். தலை, கைகள், தாமரை இதழ், ஜெபமாலை ஆகியவற்றைத் தனியாகச் செய்து பிறகு பொருத்துவார்கள். கடைசியாகக் கூரிய மூங்கில் கருவியால் முகமும் ஆடை மடிப்பும் திருத்தம் பெறும். சிலையின் உள்ளே வெற்றிடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் வெடித்துவிடும்.

சூளையில் வேகும்போது பீங்கான் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கும். விரல்கள் வளையலாம், கழுத்து சாயலாம், அடிப்பகுதி விரியலாம். பழைய சிலைகளின் அடியில் காணும் சூளை விரிசல்கள் இப்படி வந்தவைதான். இத்தனையும் தாண்டி, நீட்டிய சுண்டுவிரல்கூட ஒடியாமல் சூளையிலிருந்து வெளிவந்த சிலையைக் கைவினைஞர்கள் எவ்வளவு நிம்மதியோடு பார்த்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இந்தக் கலையின் உச்சம் ஹோ சாவ்சோங். மிங் மரபின் பிற்பகுதியில் தேஹுவாவில் வாழ்ந்த சிற்பி. சிலையின் முதுகில் தம் பெயர் முத்திரையைப் பதித்தவர். பெயரில்லாமல் உழைத்த ஆயிரக்கணக்கான கைவினைஞர்களிடையே, பெயரோடு நினைக்கப்படும் வெகு சிலரில் ஒருவர். அவருடைய புகழ்பெற்ற படைப்புகளில் ஒன்று பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்த உருவம் யாருடையது தெரியுமா? அலைகளின்மேல் நின்று கடக்கும் போதிதர்மர்.

தென்னாட்டிலிருந்து போன இருவர்

போதிதர்மர் காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவர் என்பது தமிழ் மக்களிடையே பரவலாக நிலவும் நம்பிக்கை. சீனாவின் பழைய குறிப்புகள் அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கின்றன. இன்னும் பழைய ஒரு குறிப்போ அவரைப் பாரசீகத்தார் என்கிறது. ஆய்வாளர்கள் இதில் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஆனாலும் தென்னாட்டிலிருந்து கடல் கடந்து வந்த ஞானி என்ற எண்ணம் சீனக் கலையில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

குவான்யின் கதை இன்னும் சுவையானது. சீனர்கள் தாயாக வணங்கும் இவர், தோற்றத்தில் ஆண். சமஸ்கிருதத்தில் அவலோகிதேஸ்வரர், உலகத்தாரின் துயரைக் கண்டு இரங்குபவர். சீனாவுக்குச் சென்று சில நூற்றாண்டுகள் ஆண் வடிவிலேயே இருந்தார். சோங் மரபின் காலம் தொட்டு, மியாவ்ஷான் என்ற இளவரசியின் கதையோடு கலந்து, வெள்ளாடை உடுத்திய பெண் தெய்வமாக மாறினார். வெள்ளாடை அன்னைக்கு வெள்ளைப் பீங்கான்! இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்?

அவலோகிதேஸ்வரர் வாழும் இடம் பௌத்த நூல்களில் ‘போதலக மலை’. அது தென்னாட்டில் உள்ளதாகக் கண்டவியூக சூத்திரம் சொல்கிறது. 7-ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த யுவான் சுவாங் அதைத் தெற்கே மலய மலையை அடுத்து வைக்கிறார். அது திருநெல்வேலிச் சீமையின் பொதிகை மலையே என்று சில ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். 11-ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் எழுதிய ‘வீரசோழியம்’ என்ற இலக்கண நூலோ, அகத்தியர் தமிழைக் கேட்டறிந்தது அவலோகிதரிடம் என்றே கூறுகிறது. சீனர்கள் தங்கள் கடலில் ஒரு தீவுக்குப் ‘புத்துவோ’ என்று பெயரிட்டு, அதைக் குவான்யினின் உறைவிடமாகப் போற்றுகிறார்கள். போதலகம்தான் அங்கே புத்துவோ ஆனது.

தேஹுவாச் சிலைகள் சிலவற்றில் குவான்யினின் பக்கத்தில் கைகூப்பி நிற்கும் சிறுவன் ஒருவன் உண்டு. அவன் சுதனன். ஞானம் தேடிப் போதலக மலைக்கு ஏறிச் சென்றவன். பினாங்கு வீட்டுச் சாமி மேடையில் நிற்கும் அந்தச் சிறுவனின் கதை, தென்னாட்டு மலை ஒன்றைத் தேடிப் போன கதை.

கடல்வழித் தொடர்புக்குக் கல்லில் எழுதிய சான்றும் உண்டு. தேஹுவாப் பீங்கான் கப்பலேறிய அதே சுவான்சோவில், 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவாலயம் அமைத்ததை அது சொல்கிறது. அந்த நகரை அடுத்த செதியன் என்ற சிற்றூரில், நான்கு கைகளுடைய பழைய இந்து தெய்வச் சிலை ஒன்றை ஊர் மக்கள் குவான்யினின் வடிவமாகவே வழிபட்டு வருவது 2013-ல் இந்தியப் பத்திரிகையில் வெளிவந்தது. தமிழ் வணிகர்கள் போன வழியில் தெய்வங்களும் போயின. பீங்கான் வந்த வழியில் அதே தெய்வங்கள் வேறு முகத்தோடு திரும்பி வந்தன.

ஒரே சிலை, பல பெயர்கள்

ஜப்பானில் 1614-ல் கிறிஸ்துவம் தடை செய்யப்பட்டது. அங்கே மறைவாக வாழ்ந்த கிறிஸ்துவர்கள் மரியாளின் சிலையை வீட்டில் வைக்க முடியாது. வைத்தால் உயிர் போகும். அவர்கள் என்ன செய்தார்கள்? தேஹுவாவிலிருந்து வந்த, குழந்தையை ஏந்திய குவான்யின் சிலையை வாங்கி வைத்தார்கள். பார்ப்பவருக்கு அது பௌத்த தெய்வம். வணங்குபவருக்கு அது குழந்தை இயேசுவோடு இருக்கும் தேவமாதா. ‘மரியா கன்னோன்’ என்று இன்று அழைக்கப்படும் இவை, 1873-ல் தடை விலகும்வரை பல தலைமுறைகளின் நம்பிக்கையைக் காத்தன. அதிகாரிகள் பறிமுதல் செய்த சில சிலைகள் இப்போது டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன.

ஐரோப்பாவில் கதை வேறு. சாக்சனி நாட்டை ஆண்ட பலவான் அகஸ்டஸ் பீங்கான் பித்துப் பிடித்தவர். டிரெஸ்டன் நகரில் அவர் சேர்த்த தேஹுவாப் பொருள்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேல். 1710-ல் அவர் தொடங்கிய மைசன் பீங்கான் ஆலையின் கைவினைஞர்கள் குவான்யினையும் சிரிக்கும் புத்தரையும் பார்த்துப் பார்த்து நகல் செய்தார்கள். ஒரு நாட்டில் உயிரைப் பணயம் வைத்து வணங்கிய அதே உருவம், இன்னொரு நாட்டில் அரண்மனை அலமாரிக்கு அழகுப் பொருள்!

அருகிலேயே பார்க்க விரும்புவோருக்குச் சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அருங்காட்சியகம் உள்ளது. ஹிக்லி தம்பதியர் சேர்த்த தேஹுவாப் பீங்கான் தொகுப்பு அதற்கு நன்கொடையாகச் சென்றது. 2002-ல் அது நூலாகவும் வெளிவந்தது.

பழசா, புதுசா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தேஹுவாச் சூளைகள் அணைந்துவிடவில்லை. இன்றும் அந்த ஊர் பெரும் பீங்கான் உற்பத்தி மையம். அதே மண், அதே வடிவம், சில வேளை பழைய சிலையிலிருந்தே எடுத்த அச்சு. ஆகவே காலம் கணிப்பது வல்லுநர்களுக்கே கடினமான வேலை. ஆனாலும் சாதாரண மக்கள் கவனிக்கக்கூடிய சில செய்திகள் உண்டு.

முதலாவது, முத்திரையை நம்பிச் சிலையை வாங்கக் கூடாது. ஹோ சாவ்சோங் முத்திரை நூற்றாண்டுகளாக நகலெடுக்கப்பட்டு வருகிறது. அவர் இறந்து வெகுகாலம் கழித்து வந்தவர்கள்கூட மரியாதைக்காகவும் விலைக்காகவும் அதைப் பதித்தார்கள். முத்திரை இருப்பதாலேயே அது அவர் கை வேலை ஆகிவிடாது.

இரண்டாவது, அடியையும் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். கையால் அழுத்திய பழைய சிலையின் உள்ளே விரல் தடங்களும் ஏறியிறங்கும் தடிமனும் தெரியும். மண்குழம்பை அச்சில் ஊற்றி எடுக்கும் இக்கால முறையில் உட்புறம் வழுவழுப்பாகவும், சுவர் ஒரே சீராகவும், சிலை எடை குறைவாகவும் இருக்கும்.

மூன்றாவது, அழுக்கு வயதுக்குச் சாட்சி அல்ல. தேயிலைச் சாயமும் புகையும் மண்ணும் பூசி ஒரே வாரத்தில் நூறு வயதைக் கூட்டிவிட முடியும். உண்மையான தேய்மானம், சிலை மேடையில் பட்டு நகரும் இடத்தில், அடி விளிம்பில் இருக்கும். மடிப்புகளில் ஒரே அளவாக அப்பிக் கிடக்காது.

நான்காவது, விரல்கள். பழைய சிலைகளில் முதலில் போவது விரல் நுனி. பின்னர் ஒட்டவைத்து வெள்ளை பூசியிருப்பார்கள். ஒட்டுப்போட்ட இடத்தில் புற ஊதா விளக்கைக் காட்டினால் நிறம் வேறாகத் தெரியும். விரல் ஒடிந்திருப்பது மோசடி அல்ல; ஒடிந்ததை மறைத்து விற்பதுதான் மோசடி.

இவ்வளவும் பார்த்த பிறகும் உறுதி கிடைக்காது என்பதே உண்மை. பெரிய தொகை கொடுத்து வாங்குபவர், எழுத்தில் உத்தரவாதம் தராத கடையில் வாங்காமலிருப்பதே நல்லது.

வீட்டுச் சாமி விலைப்பொருளா?

பினாங்கில் இந்தக் கேள்விக்குத் தனி வரலாறு உண்டு. ஜோர்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் பல தலைமுறையாகக் குடியிருந்தோருக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பாதுகாப்பாக இருந்தது. 1997-ல் அதை நீக்கும் சட்டம் நிறைவேறி, 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் கட்டுப்பாடு முற்றாக விலகியது. வாடகை ஏறியது. சீனர்கள், தமிழர்கள் என்ற வேறுபாடில்லாமல் பல குடும்பங்கள் நகரை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குப் போயின. மூன்று தலைமுறை புகை கண்ட சாமி மேடை அடுக்குமாடி வீட்டுக்குள் நுழையவில்லை. மேடை பழைய சாமான் வியாபாரிக்கு. சிலை சில சமயம் அதனோடு சேர்ந்தே போயிற்று. சில சமயம் மரத்தடியில் விடப்பட்டது.

சீன மரபில் புதுச் சிலை உடனே தெய்வமாகிவிடுவதில்லை. ‘கை குவாங்’ என்ற சடங்கு செய்து, கண்ணில் மை தொட்டு, ஒளி திறந்த பிறகே அது வழிபாட்டுக்கு உரியது. தமிழர்களின் கண் திறப்புச் சடங்கை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அப்படித் திறந்த சிலையை வைத்திருக்க இயலாத நிலை வந்தால், முறைப்படி விடைகொடுத்து ஆலயத்தில் ஒப்படைப்பதே மரபு. குழந்தைகளுக்கு அந்த முறை தெரியாமல் போனதுதான் பிரச்சினை.

தமிழர் வழக்கில் பின்னமான விக்கிரகத்தைப் பூஜையில் வைப்பதில்லை. அதற்காக அதைக் குப்பையில் போடுவதும் இல்லை. விரல் ஒடிந்த குவான் இம் சிலைக்கும் அதே மரியாதை பொருந்தும். வழிபாட்டிலிருந்து இறங்கிய சிலையும் ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லும். எந்தத் தாத்தா கொண்டுவந்தது, எந்தத் தெரு வீட்டில் இருந்தது, எந்தப் பாட்டி விளக்கேற்றியது என்று ஒரு தாளில் எழுதி அதனோடு வைத்தால் போதும். அருங்காட்சியகம் ஒன்று பின்னாளில் அதைக் கேட்டு வாங்கும்போது, சிலையைவிட அந்தத் தாளையே முதலில் தேடும்.

சட்டமும் ஒன்று உண்டு. 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்கீழ், மரபுடைமைப் பொருளை உரிமம் இல்லாமல் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. பழஞ்சிலையை வெளிநாட்டு உறவினருக்கு அனுப்ப நினைப்பவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

பராமரிப்பும் எளிதுதான். சிலையைத் தலையையோ கையையோ பிடித்துத் தூக்கக் கூடாது. அடியில் கைகொடுத்துத் தூக்க வேண்டும். புகைக்கறையை மென்மையான தூரிகையால் துடைத்தால் போதும். பிளீச்சும் உரசும் தூளும் ஆகாது. ஒடிந்த துண்டை அவசரப்பட்டுக் கடைப் பசையால் ஒட்டாமல், தாளில் பொதிந்து பத்திரப்படுத்த வேண்டும்.

ஆயர் ஈத்தாம் கெக் லோக் சி ஆலயத்தில் 2002-ல் நிறைவடைந்த 30.2 மீட்டர் உயர வெண்கலக் குவான் இம் சிலையைக் காண நாடெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். அதைக் காக்க ஆலயம் இருக்கிறது. வீட்டு மேடையில் ஒரு சாண் உயரத்தில் அமர்ந்திருக்கும் வெள்ளைத் தாய்க்கு அந்த வீட்டாரை விட்டால் வேறு காவல் இல்லை. பக்கத்து வீட்டுச் சீன அன்பர் குடிபெயரும்போது, “அம்மாவை எங்கே கொண்டுபோகிறீர்கள்?” என்று ஒரு தமிழர் கேட்டாலே, ஒரு சிலை தப்பிப் பிழைக்கலாம்.